சைனேஜ் பாக்ஸ் வாங்கப் போறீங்களா? 8 ஜிபி போதுமா, 128 வேணுமா?

சிங்கப்பூர் தேக்கா பக்கம் இப்ப ஸ்கிரீன் மாட்டாத கடை கம்மி. நகைக்கடையில 916 தங்க ரேட்டு, சாப்பாட்டுக் கடையில மெனு, புடவைக் கடையில தீபாவளி கலெக்ஷன், கோயில்ல அபிஷேக நேரம், எல்லாம் டிவியிலதான் ஓடுது. புதுசா மாட்ட நினைக்கிறவங்க ஸ்கிரீன் சைஸை டேப் வச்சு திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பாங்க, அதுல வீடியோவை ஓட்ட பின்னாடி சொருகுற சைனேஜ் பாக்ஸ்னு வந்தா மட்டும் ஒரே கேள்வி, "எத்தனை ஜிபி எடுக்கணும்?" விக்கிறவரும் அதுக்கு ஏத்த மாதிரி 32ஐ விட 64 நல்லது, 64ஐ விட 128 நல்லதுன்னு ஏத்திக்கிட்டே போவாரு. நான் கடைகளுக்கு ஸ்கிரீன் செட் பண்ற வேலையில இருக்கேன், என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். சாதாரண கடைக்கு 32 ஜிபிக்கு மேல தேவைப்படறது அபூர்வம். ஆனா அந்த 32 எந்த வடிவத்துல இருக்கு, சிஸ்டம் தின்னது போக எவ்வளவு மிஞ்சுது, கரண்ட் போய் வந்தா பிழைச்சுக்குமா, இதுலதான் ஒரு பாக்ஸுக்கும் இன்னொண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம், ஏன்னா இது தெரிஞ்சாலே பாதி காசு மிச்சம். வீடியோ எவ்வளவு இடம் பிடிக்கும்ங்கிறது பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு எவ்வளவு டேட்டா ஓடுதுங்கிறதைப் பொறுத்தது, 1080பியா 4கேயான்னு மட்டும் பார்த்தா புரியாது. 1080பி வீடியோவை எச்.264ங்கிற சுருக்குற முறையில 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 மெகாபிட், 8 பிட் சேர்ந்தா ஒரு பைட்) வச்சா நிமிஷத்துக்கு 75 எம்பி, கடை ஸ்கிரீனுக்கு இந்த குவாலிட்டி தாராளம். 30 வினாடி கிளிப் 20 சேர்த்து 10 நிமிஷ லூப் ஓட்டுறீங்கன்னா மொத்தம் 750 எம்பி, ஒரு ஜிபி கூட ஆகல. அதையே 4கேல, இன்னும் நல்லா சுருக்குற எச்.265ல 25 எம்பிபிஎஸ்ல வச்சா நிமிஷத்துக்கு 188 எம்பி கிட்ட வரும், அதே 10 நிமிஷ லூப் 1.9 ஜிபி. தீபாவளிக்கு புடவைக் கடைக்காரர் ஒரு நிமிஷ வீடியோ 40 எடுத்து வச்சு எல்லாமே 4கேயா ஓட்டினாலும் 7.5 ஜிபிதான். போட்டோவெல்லாம் கணக்குலயே சேர்க்க வேணாம், ஸ்கிரீன் சைஸுக்கு குறைச்ச ஜேபெக் ஒண்ணு ஒரு எம்பிக்குள்ள முடிஞ்சுடும்.

அப்புறம் ஏன் எல்லாருக்கும் "ஸ்டோரேஜ் ஃபுல்"னு வருது? ஃபோன்ல எடுத்ததை அப்படியே தூக்கி ஏத்துறதாலதான். ஐபோன்ல 4கே 60 ஃபிரேம் செட்டிங்ல எடுத்தா ஒரு நிமிஷம் 400 எம்பி, 30 ஃபிரேம்னா 170 எம்பி, இது அந்த ஃபோன் செட்டிங்ஸ்லயே எழுதியிருக்கும் யாரும் படிக்கிறதில்ல. கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி யாராவது வந்து ப்ரோரெஸ்னு அதிகம் சுருக்காத ஃபார்மட்ல 4கே எடுத்துக் கொடுத்துட்டா நிமிஷத்துக்கு 6 ஜிபி, ரெண்டு நிமிஷ கிளிப்புக்கே பல பாக்ஸ் கையை விரிச்சுடும். எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு அதுல போட்டு சுருக்கிடுங்க, பார்க்கிறவங்க கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. "சத்தத்தை எடுத்துட்டா இடம் குறையுமா"ன்னும் கேட்பாங்க. ஆடியோ 192 கேபிபிஎஸ்னா 10 எம்பிபிஎஸ் வீடியோ பக்கத்துல அது 2 சதவீதம் கூட இல்ல, அதுக்காக மெனக்கெட வேணாம், ஆனா சினிமா பாட்டு போட்டு ஓட்டறதா இருந்தா பாட்டு உரிமைக்கான காம்பஸ் லைசென்ஸ் விஷயம் தனியா இருக்கு அதை விசாரிச்சுக்குங்க. வாட்ஸப்ல வீடியோவா அனுப்புனா அது தானே நசுக்கிடும், பெரிய ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா தெரியும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் அசல் அப்படியே வரும்.

இன்னொண்ணு, ஒழுங்கான சைனேஜ் சாஃப்ட்வேர் புது பிளேலிஸ்ட்டை முழுசா இறக்கி முடிச்சப்புறம்தான் பழசை அழிக்கும், நடுவுல நெட் போனா ஸ்கிரீன் கறுப்பாகக் கூடாதுன்னு. அப்படின்னா ஒரு நேரத்துல ரெண்டு செட்டும் உள்ள இருக்கும். அதனால உங்க லூப் சைஸை ரெண்டால பெருக்கி, அதுக்கு மேல கொஞ்சம் மூச்சு விட இடம் வைங்க, அதுதான் உங்களுக்கு வேண்டிய ஃப்ரீ ஸ்பேஸ். ஃப்ரீ ஸ்பேஸ்னு சொல்றேன், அட்டையில போட்டிருக்கிற நம்பர் இல்ல.

தமிழ் போடுற கடைக்காரங்களுக்கு மட்டும் உள்ள ஒரு தலைவலி இருக்கு. மெனுவை எழுத்தா போட்டா சில கேபிதான், ஆனா நிறைய பாக்ஸ்ல தமிழ் ஃபாண்ட் இருக்காது, வெறும் சதுரமா வரும், இருந்தாலும் சிலதுல "கொ"வுல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். வெறுத்துப் போய் எல்லாரும் கேன்வாவுல படமாக்கிடறாங்க, படத்தோட நின்னா பரவாயில்ல, அதை அசையுற வீடியோவா எக்ஸ்போர்ட் பண்ணி தங்க ரேட்டு மாறுறப்பெல்லாம் புது வீடியோ ஏத்துற நகைக்கடை கூட உண்டு. பின்னாடி ஓடுற வீடியோவை ஒரு தடவை ஏத்திட்டு ரேட்டை மட்டும் மேல எழுத்தா போடுற வசதி முக்கால்வாசி சாஃப்ட்வேர்ல இருக்கு, நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட் ஏத்திக்க முடியுமான்னு மட்டும் கேட்டு வாங்குங்க. 128 ஜிபி பாக்ஸுக்குக் கொடுக்கிற கூடுதல் காசை விட இந்த ஒரு வசதி உங்களுக்கு அதிகமா உழைக்கும்.

சரி, இப்ப பாக்ஸுக்கு வருவோம்.

இருக்கிறதுலயே மலிவு, டிவியில பென் டிரைவ் சொருகி லூப்ல விடறது. ஒரே ஸ்கிரீன், மாசத்துக்கு ஒரு தடவைதான் மாத்துவேன்னா இதுவே போதும், கேலி பண்ண ஒண்ணும் இல்ல. பென் டிரைவ் எஃப்ஏடி32ல ஃபார்மட் ஆகியிருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அப்ப எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தணும், ஆனா பழைய டிவி சிலது எக்ஸ்ஃபேட்டை படிக்காது, அதனால கிளிப்பை சின்னதா வெட்டி வைக்கிறதுதான் நிம்மதி. ஒரு வீடியோ முடிஞ்சு அடுத்தது வர்றப்ப ஃபைல் பேரு மேல வந்து போகும், கரண்ட் போய் வந்தா யாராவது ரிமோட் எடுத்து திரும்ப பிளே அமுக்கணும். வீட்டு டிவியை கடையில நாள் முழுக்க ஓட்டினா வாரண்டி செல்லுமான்னு பேப்பரைப் படிச்சுப் பாருங்க, பெரும்பாலும் செல்லாது.

அடுத்தது, சாம்சங் எல்ஜி மாதிரி கம்பெனிங்க கடைக்குன்னே விக்கிற கமர்ஷியல் டிஸ்ப்ளே. பிளேயர் உள்ளயே இருக்கும், சாம்சங்னா டைசன், எல்ஜின்னா வெப்ஓஎஸ். தனி பாக்ஸ் இல்ல, தனி அடாப்டர் இல்ல, பின்னாடி ஒயர் தொங்காது, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் இல்ல 24 மணி நேரம் ஓடுறதுக்குன்னே ரேட்டிங் போட்டிருப்பாங்க. ஐடி ஆள் வச்சுக்க முடியாத கடைக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். ஆனா ஸ்டோரேஜ் விஷயத்துல இதுதான் ரொம்ப இறுக்கம். நிறைய மாடல்ல 8 ஜிபிதான் இருக்கும், அதுல கிட்டத்தட்ட பாதியை சிஸ்டமே எடுத்துக்கும், உங்களுக்கு 4 ஜிபி மிஞ்சினா பெரிசு, மேல சொன்ன ரெண்டால பெருக்குற கணக்குப்படி லூப் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. 1080பி லூப்புக்கு இது எக்கச்சக்கம், 4கே தீபாவளி கலெக்ஷனுக்குப் பத்தாது. 16 ஜிபி மாடலும் இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பெக் ஷீட்ல "அவைலபிள்" எவ்வளவுன்னு போட்டிருக்காங்களான்னு தேடுங்க. யூஎஸ்பி ஸ்டிக் சொருகி கூட்டிக்கலாமேன்னு விக்கிறவர் சொல்வாரு, நீங்க எடுக்கப்போற சாஃப்ட்வேர் அந்த யூஎஸ்பியில சேமிக்குமான்னு எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் தலையாட்டுங்க.

ஆண்ட்ராய்டு பாக்ஸ், ஸ்டிக் பத்திதான் கொஞ்சம் நீட்டி சொல்லணும், ஏன்னா ஜனங்க அதிகமா ஏமாறுறது இங்கதான். வீட்டுக்குன்னு வர்ற நல்ல பிராண்டு ஸ்டிக்குலயே இடம் ரொம்பக் கம்மி, பழைய கூகுள் டிவி குரோம்காஸ்ட் 8 ஜிபின்னு பேரு, கையில கிடைக்கிறது 4.4 ஜிபி கிட்ட. 2024ல வந்த கூகுள் டிவி ஸ்ட்ரீமர்ல 32 ஜிபி ஆக்கிட்டாங்க, அது பரவாயில்ல. என்விடியா ஷீல்டு ப்ரோன்னா 16 ஜிபி உள்ள, கூட யூஎஸ்பி ஓட்டை ரெண்டு. எதுவானாலும் இதெல்லாம் வீட்டு சாமான், கரண்ட் போய் வந்தா ஹோம் ஸ்கிரீன்ல வந்து நின்னு யாரோ ஒருத்தரோட சீரியலுக்கு விளம்பரம் காட்டிக்கிட்டு இருக்கும், உங்க சைனேஜ் ஆப் தானா எழுந்து ஓடுமான்னு பார்த்துக்கணும்.

மெமரி கார்டு ஓட்டை இருக்கேன்னு நம்பி வாங்குறவங்க கவனிங்க. கார்டை உள் ஸ்டோரேஜ் மாதிரியே சேர்த்துக்கிற வசதி ஆண்ட்ராய்டு 6லயே வந்துருச்சு, ஆனா அதைத் திறந்து விடறதும் மூடி வைக்கிறதும் பாக்ஸ் கம்பெனி இஷ்டம். ஆண்ட்ராய்டு 10, 11 வந்தப்புறம் ஆப்புங்க வெளி ஸ்டோரேஜைத் தொடுறதுக்கும் கட்டுப்பாடு போட்டுட்டாங்க. அதனால 256 ஜிபி கார்டு சொருகி வச்சிருப்பீங்க, உங்க ஆப் அதைத் திரும்பிக் கூட பார்க்காம உள்ள இருக்கிற 8 ஜிபியிலயே எல்லாத்தையும் திணிச்சிட்டு "ஃபுல்"னு சொல்லும். இதுக்கு கார்டு மேல கோவப்பட்டு பிரயோஜனமில்ல.

பேரு தெரியாத பாக்ஸ் இருக்கே, 4 ஜிபி ரேம் 128 ஜிபி ஸ்டோரேஜ்னு அட்டையில போட்டு ஆன்லைன்ல சல்லிசா வரும், அதை நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல. அட்டையில ஒண்ணு இருக்கும் உள்ள வேற இருக்கும், செட்டிங்ஸ்ல கூட பொய் நம்பர் காட்டுற மாதிரி செஞ்சிருப்பாங்க. மெமரி கார்டுலயும் இதே கூத்து உண்டு, ஒரு டெராபைட் கார்டு சாப்பாட்டு விலைக்குக் கிடைக்குதுன்னா அது டெராபைட் இல்ல, எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு குட்டி புரோகிராம் ஓட்டிப் பார்த்தா உண்மையான அளவு தெரிஞ்சுடும். 64 ஜிபி கார்டு கம்ப்யூட்டர்ல 59 புள்ளி சொச்சம்னு காட்டுறதை மட்டும் பார்த்து பயந்துடாதீங்க, அது 1000ல எண்றதுக்கும் 1024ல எண்றதுக்கும் உள்ள வித்தியாசம், மோசடி இல்ல.

ராஸ்பெரி பைங்கிற கையளவு கம்ப்யூட்டர் எனக்குப் பிடிச்ச சாமான், எல்லாருக்கும் சொல்லமாட்டேன். உள்ள ஸ்டோரேஜே கிடையாது, நீங்க போடுற மைக்ரோ எஸ்டி கார்டுதான் ஸ்டோரேஜ், அதனால எத்தனை ஜிபிங்கிறது உங்க கையில. ஆந்தியாஸ், பைசைனேஜ்னு இலவசமாவோ கம்மி விலையிலயோ சாஃப்ட்வேர் இருக்கு. இதுல முடிச்சு ஒண்ணு இருக்கு, 2023ல வந்த பை 5ல எச்.264க்கு ஹார்டுவேர் டீகோடர் (சுருக்கின வீடியோவை விரிக்கிற தனி சிப் பகுதி) கிடையாது, எச்.265க்கு மட்டும்தான், 1080பின்னா பிராசசரே சமாளிச்சுக்கும், 4கே எச்.264 கொடுத்தா திக்கும். 2019ல வந்த பை 4ல எச்.264 இருக்கு ஆனா 1080பி வரைக்கும்தான். ஆக ரெண்டுலயும் 4கே ஓட்டணும்னா எச்.265ல மாத்தி கொடுங்க, இடமும் குறையும். புதுசு வாங்கினா நல்லா ஓடும்னு பை 5 வாங்கிட்டு பழைய எச்.264 ஃபைலை ஏத்தி திட்டுறவங்க நிறைய. இப்ப மெமரி விலை ஏறினதுல பை விலையும் ஏறிப்போச்சு, அடாப்டர், கேஸ், கார்டு எல்லாம் கூட்டிப் பார்த்தா முன்ன மாதிரி சல்லிசு இல்ல.

பையோட பலவீனம் கரண்ட். கடையை மூடுறப்ப மெயின் சுவிட்சை பட்டுனு அணைச்சுட்டுப் போறதுதான் நம்ம வழக்கம், அந்த நேரத்துல கார்டுல ஏதாவது எழுதிக்கிட்டு இருந்தா ஃபைல் சிஸ்டம் கெட்டுப் போய் மறுநாள் காலையில எழுந்திரிக்காது. வீடியோ ஓட்டுறது கார்டைப் படிக்கிற வேலைதான், அதுல கார்டு தேயாது, லாகு எழுதுறது, பிரவுசர் கேஷ் எழுதுறது இதுதான் தேய்க்கும். பையோட செட்டிங்ஸ் புரோகிராமான ராஸ்பி-கான்ஃபிக்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா எழுதுறதெல்லாம் ரேம்ல போகும் கார்டு பத்திரம், ஆனா வீடியோ இறக்குற இடத்தைத் தனியா பிரிச்சு வைக்கத் தெரியணும் இல்லேன்னா ரீஸ்டார்ட் ஆனதும் இறக்கினதெல்லாம் காணாமப் போயிடும். வீட்டுல லினக்ஸ் தெரிஞ்ச பையன் இருந்தா பை வாங்குங்க, இல்லேன்னா வேணாம்.

கார்டு வாங்குறப்ப வேகத்தைப் பார்த்து மயங்க வேணாம், 25 எம்பிபிஎஸ் 4கேக்கு வினாடிக்கு 3 எம்பி சொச்சம்தான் படிக்கணும், கிளாஸ் 10 கார்டே மிச்சம். டேஷ்கேம், சிசிடிவிக்குன்னு விக்கிற "என்டியூரன்ஸ்" கார்டு எடுங்க, விலை கொஞ்சம் கூட, எழுதி எழுதி சீக்கிரம் சாகாது.

பிரைட்சைன் சைனேஜுக்குன்னே செஞ்ச பெட்டி. ஆண்ட்ராய்டும் இல்ல விண்டோஸும் இல்ல, லினக்ஸ் மேல கட்டின சொந்த சிஸ்டம், ஆன் பண்ணா வீடியோ ஓடும் வேற ஒரு வேலையும் தெரியாது, அதுதான் அதோட அழகு. மைக்ரோ எஸ்டி போட்டுக்கணும், மேல் மாடல்கள்ல எம்.2 எஸ்எஸ்டிக்கும் இடம் உண்டு, அதனால ஸ்டோரேஜ் கவலையே இல்ல. மூணு ஸ்கிரீன் ஒரே நேரத்துல ஒரே ஃபிரேம்ல ஓடணும்னா இதுக்கு நிகர் இல்ல. விலைதான் இடிக்கும், ஒரு ஸ்கிரீனுக்கே சில நூறு வெள்ளி, ஒரு தோசைக் கடை மெனுவுக்கு இது தேவையான்னா தேவையில்லை. நாலஞ்சு கிளை வச்சிருக்கிறவங்க, ஒவ்வொரு தடவையும் ஆள் அனுப்பி ரீஸ்டார்ட் பண்ணி அலுத்தவங்க, யோசிக்கலாம்.

மினி பிசி பத்தி அதிகம் பேச வேணாம். இன்டெல் என்100 பிராசசர் போட்ட பெட்டியில 256 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி கூடவே வந்துடும், எந்த ஃபார்மட்டும் ஓடும், கோயில்ல தைப்பூசத்துக்கு நேரலையும் காட்டி இடையில வீடியோவும் ஓட்டணும்னா இதுதான் சரி. விண்டோஸ் அப்டேட் நடு மத்தியானத்துல ஸ்கிரீன் முழுக்க வந்து நிக்கும்ங்கிறதை சகிச்சுக்கணும், இல்ல நேரத்தை ஒழுங்கா செட் பண்ணி வைக்கணும். பழைய விண்டோஸ் 10 பெட்டியைத் தள்ளி விட நிறைய பேர் காத்திருக்காங்க, அதுக்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, நெட்டுல போட்டு ஓட்டுற கடைக்கு அது வேணாம்.

"இறக்கவே வேணாம் அண்ணே, நேரா நெட்டுல இருந்தே ஓட்டிக்கலாம், ஸ்டோரேஜே தேவையில்ல"ன்னு ஒரு கட்சி இருக்கு. 10 எம்பிபிஎஸ் வீடியோ ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா 54 ஜிபி, 4கே 25 எம்பிபிஎஸ்னா 135 ஜிபி, ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு நாளைக்கு. கடையில சொந்த ஃபைபர் இருந்தா தாங்கும்னு வைங்க, மால் வைஃபையிலயோ சிம் கார்டுலயோ இதை நினைச்சுக் கூட பார்க்காதீங்க. அதே 10 நிமிஷ லூப்பை ஒரு தடவை இறக்கி வச்சா முக்கால் ஜிபியோட முடிஞ்சிருச்சு.

சூட்டையும் சொல்லிடறேன். டிவிக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல பாக்ஸை ஒட்டி வைக்கிறோம், கடை மூடினதும் ஏர்கான் போயிடும், நம்ம ஊர் 31, 32 டிகிரியில அந்த இடுக்கு எவ்வளவு கொதிக்கும்னு கையை வச்சுப் பாருங்க. ஃப்ளாஷ் மெமரிக்கு சூடு ஆகாது, பிராசசரும் வேகத்தைக் குறைச்சுக்கும். ஃபேன் இல்லாத அலுமினிய உடம்பு பாக்ஸா பார்த்து, டிவியோட காத்து ஓட்டையை அடைக்காம மாட்டுங்க.

வெளிநாட்டு ஆன்லைன்ல வாங்கினா வரி தப்பிச்சுதுன்னு நினைக்காதீங்க, 400 வெள்ளிக்குள்ள உள்ள சாமானுக்கும் 2023 ஜனவரியில இருந்து ஜிஎஸ்டி உண்டு, இப்ப 9 சதவீதம். அடாப்டர்ல சேஃப்டி மார்க் இருக்கான்னு பாருங்க, மூணு பின் கன்வெர்ட்டர் போட்டு ராத்திரி பகலா ஓட்டுறது நல்லதுக்கில்ல. மொத்தமா பெரிய செட்டப் பண்றவங்க பிஎஸ்ஜிங்கிற அரசாங்க மானியம் கிடைக்குமான்னு அரசாங்கத்தோட கோபிசினஸ் தளத்துல பாருங்க, லிஸ்ட்ல இருக்கிற சொல்யூஷனுக்கு மட்டும்தான், முன்கூட்டியே காசு கட்டிட்டா கிடைக்காது, அப்ளை பண்ணிட்டுதான் கையெழுத்தே போடணும்.

என் கையில விட்டா? ஒரே ஒரு மெனு ஸ்கிரீன்னா கமர்ஷியல் டிஸ்ப்ளே, 8 ஜிபி மாடலே எடுத்துட்டு எல்லாத்தையும் 1080பியில வச்சுக்குவேன். புடவை, நகை மாதிரி கண்ணுக்கு குளுகுளுன்னு 4கே வேணும்ங்கிற கடைக்கு பிரைட்சைன், 64 ஜிபி என்டியூரன்ஸ் கார்டோட. காசு கம்மி, கை நல்லா ஓடும்னா பை 4. ஆண்ட்ராய்டு பாக்ஸ்தான் வேணும்னு நிக்கிறவங்களுக்கு, உள்ள 32 ஜிபி இருக்கிற நல்ல பிராண்டு, கார்டு ஓட்டையை நம்பாம.

எதை வாங்கினாலும் சிம் லிம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போறப்ப உங்ககிட்ட இருக்கிறதுலயே கனமான வீடியோவை பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. கடையிலயே அதை பாக்ஸ்ல காப்பி பண்ணி ஓட்டச் சொல்லுங்க, செட்டிங்ஸ்ல ஃப்ரீ ஸ்பேஸ் எவ்வளவுன்னு காட்டச் சொல்லுங்க, வைஃபையை அணைக்கச் சொல்லுங்க, ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி திரும்ப சொருகச் சொல்லுங்க. ரிமோட்டைத் தொடாம தானா எழுந்து அதே வீடியோ ஓடுச்சுன்னா பில்லு போடச் சொல்லலாம். விக்கிறவர் முகம் லேசா மாறும், பரவாயில்ல, மாறட்டும்.